ஒரு தோள் அசைவும் 11 பேரும்: சென்னை சால்சா வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தென்சென்னையில் உள்ள ஒரு சால்சா பள்ளியின் லெவல் 3 பேட்ச்சில், செப்டம்பர் முதல் நவம்பர் கடைசி வரை நடந்ததன் பதிவு இது. பள்ளியின் பெயரோ ஆட்களின் பெயரோ இதில் இல்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பள்ளியை நடத்தும் மாஸ்டர் கூப்பிட்டதால் வெளியாளாகப் போய் வகுப்பைப் பார்த்தேன். பிறகு எட்டு வாரத்துக்கான ஒரு பயிற்சித் திட்டத்தை அவரோடு உட்கார்ந்து வகுத்தேன். நடந்ததை எழுதிவைக்கச் சொன்னதும் அவர்தான்.

## பின்னணி

பத்து வருடத்துக்கு மேலாக நடக்கும் பள்ளி. லாஸ் ஏஞ்சலிஸ் பாணி, ‘ஆன் 1’, அதாவது முதல் அடி 1-ல். எட்டு கவுன்ட்டில் 1, 2, 3 அடி, 4 காலி, 5, 6, 7 அடி, 8 காலி. ஜோடியில் அசைவுகளை நடத்துபவர் லீடர், அதைப் பின்தொடர்பவர் ஃபாலோயர். ஃபிகர் என்பது இருவரும் சேர்ந்து ஆடும் ஒரு அசைவுத் தொகுப்பு. சனிக்கிழமை இரவு ஒரு ஹோட்டலில் சோஷியல் நடக்கும். மற்ற பள்ளிக்காரர்களும் வருவார்கள், யாரும் யாரையும் ஆடக் கூப்பிடலாம்.

மாஸ்டர் நல்ல ஆட்டக்காரர், அதில் சந்தேகமே இல்லை. பல வருடங்களுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்ததில் அவருடைய இடது காறை எலும்பு முறிந்தது. கூடும்போது கொஞ்சம் கோணலாகக் கூடிவிட்டது. அதிலிருந்து, 5-ல் வலது காலைப் பின்னால் வைக்கும்போதெல்லாம் இடது தோள் சட்டென்று ஏறி இறங்கும், தாடையும் லேசாக அந்தப் பக்கம் திரும்பும். அவர் ஆடும்போது அது பார்க்க நன்றாகவே இருக்கும். வேண்டுமென்றே வைத்துக்கொண்ட ஸ்டைல் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒருவர் ஒரு சோஷியலில் அவரிடம், “உங்க ஸ்கூல் பசங்களை வாசல்லேர்ந்தே கண்டுபிடிச்சிடலாம் ப்ரோ” என்றாராம். மாஸ்டர் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். சில வாரம் கழித்து வேறொரு பள்ளியில் பயிலும் பெண் ஒருவர் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: இந்தப் பள்ளி லீடர்களோடு ஆடினால் அடுத்தது என்ன ஃபிகர் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, மூன்றாவது முடிந்தால் நான்காவது, நான்காவது முடிந்தால் ஐந்தாவது, யாரோடு ஆடினாலும் அதே வரிசை.

மூன்றாவதாக ஒரு சின்ன விபத்து. கூட்டம் நிறைந்த ஒரு சனிக்கிழமை, கிராஸ் பாடி லீடில் (லீடர் விலகி வழிவிட, ஃபாலோயர் அவரைக் கடந்து மறுபக்கம் போகும் ஃபிகர்) நடந்து வந்த ஃபாலோயர் ஒருவர் வகுப்பில் கற்றபடி இடது கையைத் தூக்கிக் கூந்தலைக் கோதினார். பக்கத்து ஜோடியில் ஆடிக்கொண்டிருந்தவரின் மூக்குக்கண்ணாடியில் முழங்கை பட்டு, கண்ணாடி கீழே விழுந்து யாரோ அதை மிதித்துவிட்டார்கள். கண்ணாடிக்காரர் பெரிதுபடுத்தவில்லை. மாஸ்டர்தான் அன்று தூங்கவில்லை என்றார். மறுநாள் எனக்கு போன் செய்தார்.

## கவனித்தவை

லெவல் 3 பேட்ச்சில் 11 பேர்: ஆறு லீடர்கள், ஐந்து ஃபாலோயர்கள். சில வகுப்புகளும் சோஷியல்களும் பார்த்த பிறகு, அவர்கள் சம்மதத்தோடு போனை ஒரு ஸ்டாண்டில் வைத்து வீடியோ எடுத்தோம். ஒலியை அணைத்து, லேப்டாப் திரையின் மேல்பக்கத்தில் ஒரு அட்டையை ஒட்டி முகங்களை மறைத்து, “இது யார், சொல்லுங்க” என்று மாஸ்டரைக் கேட்டேன். தான் ஒரு வருடத்துக்கு மேல் சொல்லிக்கொடுத்த 11 பேரில் நான்கு பேரைத்தான் அவரால் சரியாகச் சொல்ல முடிந்தது. ஆறு லீடர்களில் ஐந்து பேருக்கு 5-ல் இடது தோள் ஏறியது. அவர்களில் யாருக்கும் எலும்பு முறிந்ததில்லை.

போன் அணைக்கப்படாமல் இடைவேளையிலும் ஓடிக்கொண்டிருந்தது, தற்செயலாக. தண்ணீர் குடிக்கும் நேரத்தில் யாரோ ஒரு கானா பாட்டைப் போட, நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டு இஷ்டத்துக்கு ஆடியிருக்கிறார்கள். அந்தத் துண்டையும் அதே அட்டையோடு போட்டுக் காட்டினேன். கேள்வியை முடிக்கும் முன்பே பெயர் வந்தது, அத்தனை பேருக்கும். ஒருத்தர் முழங்காலை மடித்துத் தரையோடு தரையாக ஆடுகிறார். ஒருத்தருக்கு எல்லாமே கழுத்தில். எப்போதும் விறைப்பாக நிற்கும் ஒரு பெண்ணின் இடுப்பு தாளத்துக்கு அரை நொடி பின்தங்கி, சுகமாக வருகிறது. மாஸ்டர் அதை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

எனக்குத் தெரிந்தவரை காரணங்கள் சாதாரணமானவை. வகுப்பு முழுக்க மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி நடக்கிறது. ஃபிகர்கள் எப்போதும் ஒரு சங்கிலியாகவே கற்றுத்தரப்படுகின்றன, அதனால் சங்கிலியாகவே வெளியே வருகின்றன. பாட்டு ஓடினாலும் மாஸ்டரின் “ஒன், டூ, த்ரீ” அதற்கு மேல் கேட்கும். மாணவர்கள் ஆடுவது அந்தக் குரலுக்கு. ஒருநாள் கவுன்ட் இல்லாமல் பாட்டைப் போட்டு, 1 வரும் இடத்தில் கைதட்டச் சொன்னோம். பாதிப்பேர் 5-ல் தட்டினார்கள், இரண்டு பேர் தட்டவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்கென்று ஒரு ஸ்டைலிங் ஒர்க்‌ஷாப்பும் நடந்துவந்தது. அதில் கை அசைவுகள் கவுன்ட்டோடு சேர்த்தே ஆணியடிக்கப்பட்டிருந்தன: கிராஸ் பாடி லீடில் 5-ல் கை எழும்பும், 6-ல் கூந்தல், 7-ல் இறங்கும். 7-ல் லீடருக்கு அந்த இடது கை தேவைப்படலாம். அவர் தேடும்போது கை தலையில் இருக்கும். லீடர்களுக்கு அந்த ஒர்க்‌ஷாப்பில் என்ன நடக்கிறது என்றே தெரியாது, அவர்களைக் கூப்பிட்டதில்லை.

இரண்டு பேரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் முப்பதைத் தொட்ட லீடர், ஓ.எம்.ஆர். பக்கம் மென்பொருள் வேலை. பேட்ச்சிலேயே அதிக ஃபிகர் தெரிந்தவர், மாஸ்டரின் தோளும் தாடையும் அச்சு அசலாக அவரிடம் இருந்தன. சோஷியலில் அவரோடு ஒரு பாட்டு ஆடியவர்கள் இரண்டாவது பாட்டுக்கு நிற்பது அரிது. மற்றவர் நாற்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஃபாலோயர், பள்ளி ஆசிரியை. சிறுவயதிலிருந்து பரதம் கற்று அரங்கேற்றமும் ஆனவர். முழங்கால் லேசாக மடிந்தே இருக்கும், பாதம் முழுதாகத் தரையில் படும், இடுப்புக்கு மேலே அசைவே கிடையாது. கையைத் தூக்கினால் கண்ணும் கூடவே போகும். கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்பது அங்கே முதல் பாடம். இங்கே அப்படிப் போனால் பார்ட்னர் கைவிட்டுப் போகிறார். “பரதத்தை மறந்துடுங்க மேம்” என்று ஒரு வருடமாக அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறப்பதற்கு அவர் மனப்பூர்வமாகத்தான் முயன்றார். விளைவு, என்ன செய்தாலும் மன்னிப்புக் கேட்கும் ஒரு ஆட்டம்.

இவர்களுக்கு நேரெதிராக அதே பேட்ச்சில் ஒரு தம்பதி. கணவர் வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர். தெரிந்தது ஐந்து ஃபிகர், அதற்கு மேல் ஏறவில்லை. தோள் ஏறாத ஒரே லீடர் அவர்தான். சோஷியலில் இருவருமே உட்கார நேரமில்லாமல் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மாஸ்டரின் நிலைப்பாடு தெளிவானது: “முதல்ல காப்பி அடிக்கட்டும். அப்புறம் ஸ்டைல் தானா வரும்.” நான் இதை முழுக்க மறுக்கவில்லை. ஜோடி நடனத்தில் பெயர் பெற்றவர்கள் எல்லாருமே பார்த்துப் பார்த்து ஆடியவர்கள்தான். நியூயார்க் ஹார்லெமில் 1926-ல் திறந்து 1958 வரை நடந்த சவாய் பால்ரூமை எடுத்துக்கொண்டால், அங்கே லிண்டி ஹாப் என்ற ஜோடி நடனம் ஆடியவர்களுக்கு வாத்தியார் என்று ஒருவர் இல்லை, பார்த்தே கற்றார்கள். ஆனால் ஒரே தளத்தில் பார்க்க எத்தனையோ உடம்புகள் இருந்தன. ஷார்ட்டி ஜார்ஜ் ஸ்னோடன் ஐந்தடியைக் கொஞ்சம் தாண்டியவர். தன்னைவிட வெகு உயரமான பிக் பீ என்ற பார்ட்னரோடு ஆடி, அந்த உயர வித்தியாசத்தையே ஆட்டமாக்கிக்கொண்டார். அடுத்த தலைமுறையின் ஃபிராங்கி மேனிங், மற்றவர்கள் நிமிர்ந்து ஆடிய இடத்தில் இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து தரையை நோக்கி ஆடினார். பலரைப் பார்த்துக் காப்பியடிப்பவர் எதை எடுப்பது, எதை விடுவது என்று தன்னையறியாமல் தேர்ந்தெடுக்கிறார். நம் வகுப்பில் பார்ப்பதற்கு இருந்தது ஒரே ஒரு உடம்பு. அந்த உடம்பில் ஒரு பழைய காயம்.

இந்த வாதம் அவருக்கு ஓரளவு பிடித்தது. அதிலிருந்து முதல் முடிவு வந்தது: எட்டு வாரமும் மூன்று பேர் மாறி மாறி வகுப்பை நடத்துவது, மாஸ்டரும் இரண்டு உதவியாளர்களும். உதவியாளர்கள் இருவருக்கும் சொந்தமாக ஆட்டம் இருந்தது. அதை மாஸ்டர் இதுநாள்வரை திருத்திக்கொண்டே இருந்தார் என்பது வேறு கதை.

இரண்டாவது, புதிய ஃபிகர் கிடையாது. பேசிக் (அடிப்படை அடி), ரைட் டர்ன் (ஃபாலோயர் வலப்பக்கமாகச் சுற்றுவது), ஓபன் பிரேக் (இருவரும் பின்னால் விலகி அடி வைப்பது), கிராஸ் பாடி லீட், அதிலேயே இன்சைட் டர்ன் (ஃபாலோயர் இடப்பக்கமாகச் சுற்றுவது), இவ்வளவுதான். கட்டுப்பாடு இருக்கும் இடத்தில்தான் ஆள் தெரிவார் என்பது என் நம்பிக்கை. கொலம்பியாவின் காலி நகரத்து சால்சாவின் கால் வேகம் அப்படி வந்ததுதான்: நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டுகளை 45 சுற்றில் ஓட்டி ஆடியவர்கள் அவர்கள். அந்த வேகத்தில் கைக்கு நேரமில்லை, எல்லாம் காலுக்கு இறங்கிவிட்டது.

மூன்றாவது, காலி இடம். ஒவ்வொரு பாட்டிலும் சில முறை, லீடர் இரண்டு எட்டுக்கு வெறும் பேசிக் மட்டும் ஆட வேண்டும். கையை இளக்கி, எதையும் லீட் செய்யாமல். அந்த இடம் ஃபாலோயருக்கு. அவர் ஏதாவது செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். லீடர் மூச்சுவிடாமல் ஃபிகர் போட்டுக்கொண்டே போனால் ஃபாலோயருக்கு ஸ்டைல் கற்றுக்கொடுத்துப் பயனில்லை, அதை வைக்க இடமே இருக்காது. ஞாயிறு ஒர்க்‌ஷாப் தோற்றது இதனால்தான் என்பது என் கணிப்பு.

நான்காவது, வாரத்தில் கொஞ்ச நேரம் எல்லாரும் இடம் மாறி ஆடுவது, லீடர் ஃபாலோ செய்ய, ஃபாலோயர் லீட் செய்ய. புவெனஸ் ஐரிஸில் பழைய தலைமுறை டாங்கோ ஆண்கள் ஆண்களோடேயே பயிற்சி எடுத்து, முதலில் ஃபாலோ செய்யக் கற்ற பிறகுதான் மிலோங்காவுக்கு (டாங்கோ ஆடும் கூடலுக்கு) போய்ப் பெண்களை ஆடக் கூப்பிட்டார்கள். லீட் எப்படித் தவறாக இருக்கிறது என்பதைக் கண்ணாடி காட்டாது, கை காட்டும்.

ஐந்தாவது, முதல் பத்து நிமிடத்துக்குப் பிறகு கவுன்ட் சொல்லக்கூடாது. வாரத்துக்கு ஒரு வாத்தியம்: காங்கா (கையால் அடிக்கும் உயரமான முரசு), பிறகு கிளாவே (தாளத்துக்குத் தட்டும் இரண்டு மரக்கட்டைகள்), பிறகு மணி, பியானோ. ஆறாவது, வகுப்பின் பாதி நேரம் கண்ணாடிக்குத் திரை. ஏழாவது பாதுகாப்பு: கூட்டத்தில் முழங்கை தோள் அளவைத் தாண்டக் கூடாது. பார்ட்னர் பிடித்திருக்கும் கையில் அலங்காரம் எதுவும் கிடையாது.

மாஸ்டர் சொன்ன ஒரு யோசனையை நான் வேண்டாம் என்றேன். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த உலகப் புகழ் ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய வீடியோக்களைப் பார்த்து ஸ்டைலை எடுத்துக்கொள்ளட்டும் என்றார். அந்த வீடியோக்கள் பெரும்பாலும் மேடைக்கானவை, பார்வையாளரை நோக்கி ஆடப்படுபவை. சோஷியலில் பார்வையாளர் கையெட்டும் தூரத்தில் நிற்கும் ஒரே ஒருவர், அவரும் கூட ஆடிக்கொண்டிருக்கிறார்.

## எட்டு வாரத்தில் நடந்தது

முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பு. “புது ஸ்டெப் இல்லேன்னா ஃபீஸ் எதுக்கு மாஸ்டர்?” என்று ஒருவர் நேராகவே கேட்டார். இரண்டு லீடர்கள் நின்றுவிட்டார்கள். ஒருவர் வேறு பள்ளிக்குப் போனதாகக் கேள்வி. ஓய்வுபெற்ற வங்கிக்காரர் மட்டும் குஷியாக இருந்தார்: “எங்களுக்கு எப்பவுமே அஞ்சு ஸ்டெப்தான் தெரியும். நீங்கல்லாம் இப்பதான் எங்க லெவலுக்கு வந்திருக்கீங்க.”

தோள் விஷயம் மூன்றாவது வாரத்தில் திரும்பியது. இடம் மாறி ஆடும்போது மென்பொருள்காரர் ஃபாலோயராக நின்றார், அவரை லீட் செய்தவர் அதே தோள் ஏறும் இன்னொரு லீடர். 5-ல் தோள் ஏறியதும் மென்பொருள்காரர் சுற்றிவிட்டார். “நான் டர்ன் குடுக்கவே இல்லையே” என்றார் லீட் செய்தவர். “குடுத்தீங்களே, கை மேல போச்சு.” திரும்பவும் ஆடினார்கள், திரும்பவும் அதே. லீடரின் இடது கைதான் ஃபாலோயரின் வலது கையைப் பிடித்திருக்கிறது. 5-ல் அந்தக் கை சட்டென்று எழும்பினால் ரைட் டர்னுக்கான சைகை அது. மென்பொருள்காரர் சில நிமிடம் தன் இடது தோளைத் தானே தொட்டுப் பார்த்தபடி நின்றதை நான் கவனித்தேன். ஃபாலோயர்கள் அவரோடு ஆடும்போது ஏன் எப்போதும் ஒருவித உஷாராக இருந்தார்கள் என்பதற்கும் இதுதான் விடை என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் மாஸ்டர் தன் பழைய பைக் விபத்தைப் பற்றி வகுப்பில் சொன்னார். அவருக்கு அது எளிதாக இல்லை. சொல்லி முடித்ததும் சிரிப்பு கிளம்பியது, அவரும் சிரித்தார். நான்கு லீடர்களில் தோள் ஏறிய மூவருக்கும் ஐந்தாறு வாரத்துக்குள் அது அடங்கியது. கையில் உணர்ந்ததால் போனதா, காரணம் தெரிந்ததால் போனதா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஆசிரியைக்கு நான்காவது வாரம் முக்கியமானது. அன்று காங்கா. அதன் அடிப்படைத் தாளக்கட்டான தும்பாவோவில் 2-லும் 6-லும் ஒரு அறை (தோலில் சுளீரென்று கை படும் ஒலி) விழும், 4-லும் 8-லும் ‘தும்தும்’ என்று இரண்டு திறந்த ஒலிகள் வரும். மற்றவர்கள் தலையை ஆட்டி ஆட்டித் தேடிக்கொண்டிருக்க, அவர் சுவரோரம் உட்கார்ந்து தொடையில் ஆதி தாளம் போட்டார். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. இரண்டாவது சுற்றிலேயே சொல்லிவிட்டார்: “அறை சுண்டுவிரல்லயும் முதல் வீச்சுலயும் விழுது. தும்தும் நடுவிரல்லயும் கடைசி வீச்சுலயும் வருது.” சரியாக அதேதான். அந்த வகுப்பில் எங்களில் யாரையும்விட அவருக்கு அது தெளிவாகக் கேட்டது.

அதன் பிறகு அவர் காலி இடத்தில் என்ன செய்தார் என்பதைப் பார்த்தோம். கை அசைவுகளை விட்டுவிட்டார். 4-லும் 8-லும், அடி இல்லாத அந்த இடங்களில், எடை மாற்றாமல் குதிகாலால் ஒரு சின்னத் தட்டு. எடை மாறாததால் அடுத்த அடிக்கு எந்தக் கால் என்ற குழப்பம் லீடருக்கு இல்லை, கையிலும் எதுவும் இடிக்கவில்லை. தரையில் பாதம் படும் ஒலி நன்றாகக் கேட்டது. இருபது வருடப் பயிற்சி இருக்கிற கால் அது. பார்வை தானாகவே பார்ட்னரிடம் திரும்பியது, பின்தொடர்வதற்குக் கை இல்லையே.

எல்லாம் சுபம் என்று இங்கே நிறுத்திவிட முடியவில்லை. அடுத்த இரண்டு வாரம் அவர் எல்லா 4-லும் எல்லா 8-லும் தட்டினார். ஒரு உதவியாளர், “மேம், பாட்டு நின்னாலும் உங்க கால் நிக்காது போல” என்று கிண்டலடிக்க, சிரித்துக்கொண்டே குறைத்தார். பாட்டில் காங்கா மாறும் இடங்களுக்கு மட்டும் தட்டை ஒதுக்கிவைக்கச் சொன்னோம். ஏழாவது வாரத்தில் ஒருமுறை, இசை முழுதாக நிற்கும் ஒரு பிரேக்கில், தட்டாமல் சும்மா நின்றார். எதிரில் ஆடிய வங்கிக்காரரும் கூடவே நின்றார். இருவருக்கும் முன்பே பேசிவைத்த ஏற்பாடு ஏதும் இல்லை.

காலி இடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களும் உண்டு. இளைஞர் ஒருவர் அதைத் தனக்குக் கிடைத்த மேடையாக எடுத்துக்கொண்டு, பார்ட்னரின் கையை விட்டுவிட்டு ஷைன்ஸ் (ஜோடி இல்லாமல் தனியாக ஆடும் கால் அசைவுகள்) போட ஆரம்பித்தார். அந்தப் பெண் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார். காலி இடத்தில் கையை விடக்கூடாது என்ற விதி அன்றுதான் சேர்ந்தது. இன்னொரு ஃபாலோயருக்கு அந்த இடம் வந்தாலே பயம். “என்ன பண்றதுன்னு தெரியல, எல்லாரும் பாக்கற மாதிரி இருக்கு” என்றார். வெறும் பேசிக் ஆடினால் போதும் என்றோம். எட்டாவது வாரமும் அவர் வெறும் பேசிக்தான் ஆடினார், இப்போது நிதானமாக. அவரை அதற்கு மேல் யாரும் தள்ளவில்லை. எல்லாருக்கும் தனி ஸ்டைல் வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை என்பது என் கருத்து. மாஸ்டர் இதில் என்னோடு ஒத்துப்போகவில்லை.

ஆறாவது வாரத்தில் ஒரு சச்சரவு. உதவியாளர் நடத்திய வகுப்பில் ஒரு லீடர் முழங்காலை நன்றாக மடித்து, தாழ்வாக, அகலமாக ஆடிக்கொண்டிருந்தார். கானா வீடியோவில் தரையோடு ஆடியவர் இவர்தான். உள்ளே வந்த மாஸ்டர் பார்த்ததும், “என்ன இது, நிமிர்ந்து நில்லு” என்று எல்லார் முன்னாலும் திருத்தினார். லீடர் நிமிர்ந்தார், தோளும் திரும்ப ஏறியது. உதவியாளர் முகம் வாடிப்போனது. வகுப்பு முடிந்து மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள்.

அந்தப் பேச்சில் வந்த முடிவுதான் இந்த எட்டு வாரத்தில் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. எதைத் திருத்தலாம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். அதில் நான்கே வரிகள்: தாளம் தவறினால், எடை எந்தக் காலில் என்று தெரியாவிட்டால், பார்ட்னரின் கையோ முதுகோ வலித்தால் அல்லது இழுபட்டால், பக்கத்து ஜோடியின் இடத்தில் போய் இடித்தால். இந்த நான்கில் எதுவும் இல்லாத ஒன்றை எந்த ஆசிரியரும் திருத்தக்கூடாது, பிடிக்காவிட்டாலும். அந்தத் தாழ்ந்த ஆட்டத்தை இந்தப் பட்டியலோடு வைத்துப் பார்த்தார்கள். தாளம் சரி, எடை சரி, ஃபாலோயர்களைக் கேட்டால் சௌகரியமாக இருக்கிறது என்கிறார்கள், ஸ்லாட்டை (ஜோடி ஆடும் நேர்ப்பட்டை இடம்) தாண்டவில்லை. விட்டுவிட்டார்கள். மாஸ்டருக்கு அது இன்றும் பிடிக்கவில்லை என்பதை அவர் முகமே சொல்லும், ஆனால் வாய் திறப்பதில்லை.

## விளைவு

கடைசி வாரம் அட்டைச் சோதனையை மறுபடி செய்தோம். மீதியிருந்த ஒன்பது பேரில் ஏழு பேரை மாஸ்டர் சரியாகச் சொன்னார். இந்த எண்ணை நான் பெரிதாக நம்பவில்லை. எட்டு வாரம் அவர்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அடையாளம் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. இவர்களை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் இரண்டு வீடியோவையும் காட்டி, எதில் ஆட்கள் வேறுவேறாகத் தெரிகிறார்கள் என்று கேட்டிருந்தால் அது இன்னும் நம்பகமாக இருந்திருக்கும்.

சோஷியலில் கை முழங்கை மோதல் எதுவும் கண்ணில் படவில்லை. வடகிழக்குப் பருவமழை சமயம், பாதிக் கூட்டம்தான் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மென்பொருள்காரரோடு மற்ற பள்ளிப் பெண்கள் இரண்டாவது பாட்டுக்கும் நிற்கிறார்கள், அவராகவே போய்க் கூப்பிடவும் செய்கிறார். அவர் ஆட்டம் இப்போது பார்க்க முன்பைவிட எளிமையாக இருக்கிறது. சிலர் ‘டல்’லாகிவிட்டது என்றும் சொன்னார்கள். தனக்கென்று ஒரு பாணி வந்துவிட்டதா என்றால், இன்னும் இல்லை. மாஸ்டருடையது போயிருக்கிறது, அந்த இடம் காலியாக இருக்கிறது.

டர்ன் தரம் குறைந்தது ஒரு நஷ்டம். கண்ணாடிக்குத் திரை போட்டதில், சுழலும்போது தலையை நிலைநிறுத்தும் பழக்கம் தளர்ந்து, ஐந்தாவது வாரத்திலிருந்து ஃபாலோயர்கள் இன்சைட் டர்னில் தடுமாறினார்கள். திட்டம் முடிந்த பிறகுதான் அது சீரானது.

## மாற்ற வேண்டியவை

கண்ணாடித் திரையை நேரக் கணக்கில் போடுவதை விட, பாட்டுக்கு ஆடும்போது மட்டும் போடுவது நல்லது. டர்ன் பயிற்சிக்குக் கண்ணாடி வேண்டும்.

புதிய ஃபிகரே இல்லை என்ற விதியை இவ்வளவு கறாராக வைத்திருக்க வேண்டியதில்லை. நான்காவது வாரம் ஒன்றே ஒன்று கொடுத்து, அதை ஒவ்வொருவரும் தான் விரும்பும் இடத்தில் சேர்க்கச் சொல்லியிருந்தால் விலகிய இருவரும் இருந்திருக்கக்கூடும். பணம் கட்டி வருபவருக்குக் கையில் ஏதோ கிடைத்தது என்ற திருப்தி தேவை, அது குற்றமில்லை.

வீடியோவுக்கான சம்மதத்தை வகுப்பின் நடுவே எல்லாரையும் சேர்த்துக் கேட்டோம். அப்படிக் கேட்டால் வேண்டாம் என்று நினைப்பவரும் தலையாட்டிவிடுவார். இரண்டு பேர் பிறகு உதவியாளரிடம் சங்கடத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை தனித்தனியாக, எழுத்தில்.

திருத்தப் பட்டியலை ஆறாவது வாரச் சண்டைக்குப் பிறகு ஒட்டினோம். முதல் நாளே ஒட்ட வேண்டியது அது. கற்பிக்கும் மூன்று பேருக்கும் மூன்று ரசனை இருக்கும்போது, மாணவர் யார் சொல்வதைக் கேட்பது என்று திணறுவார். பட்டியல் இருந்தால் திணறல் இல்லை.

ஒருவருக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் என்ற ஏற்பாட்டை லெவல் 1-லிருந்தே தொடங்க மாஸ்டர் ஒத்துக்கொண்டிருக்கிறார். பிற நடனம் கற்று வருபவர்களிடம், அதை மறக்கச் சொல்லும் முன் அவர்களை ஒரு பாட்டு முழுக்கத் தாளம் போடச் சொல்லிப் பார்ப்பது என்றும் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. மேற்கத்திய கிடார் வாசிக்கும் ஒரு புதிய மாணவரிடம் இதைச் செய்தபோது பெரிதாக எதுவும் தெரியவில்லை, அதையும் குறித்துவைக்கிறேன்.

ஸ்டைலிங் ஒர்க்‌ஷாப் ஜனவரியில் மறுபடி தொடங்கியது, இம்முறை லீடர்களுக்கும் சேர்த்து. ஐந்து லீடர்கள் வந்தார்கள். முதல் அரைமணி நேரம் அவர்களுக்குக் கொடுத்த வேலை, பார்ட்னரின் இடது கை எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் தேடாமல் தெரிந்துகொள்வது. கூந்தல் கோதும் அசைவு பாடத்தில் இல்லை. யாராவது கேட்டால், இடம் இருக்கிறதா என்று பார்க்கும் விதத்தோடு சேர்த்துச் சொல்லித்தருகிறார்கள்.